கொங்குப் பக்கம் புதிதாக வந்தவருக்கு: ரெண்டு வண்டி இடத்தில் ஒரே வண்டி நின்றால்

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கார் நிறுத்த இடம் தேடியிருக்கிறீர்களா? மூன்றாவது சுற்றில் ஓர் இடம் கண்ணில் படும். இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வரும் டவுன் பஸ்ஸின் ஹாரனைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் போனால் அது இடமே இல்லை. ரெண்டு கார் நிற்க வேண்டிய நீளத்தின் நட்டநடுவில் ஒரு கார் நிற்கிறது. முன்னால் அரைக் கார் இடம், பின்னால் அரைக் கார் இடம். அரைக் காருக்கு எங்கே போவது?

நான் டெல்டாக்காரன். கோயம்புத்தூருக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வந்த புதிதில் இப்படி நின்ற காரின் சொந்தக்காரரிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, "என்னய்யா, வண்டியை இப்படிப் போட்டுட்டுப் போயிட்டே?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் அது சண்டை இல்லை, பேச்சின் தொடக்கம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருவாதியாப் பேசுங்க" என்றார், அந்தக் கோபத்திலும் 'ங்க' போட்டு. அப்புறம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குள் திரும்பிப் போய் இன்னொரு டீ சொன்னார். நான் 20 நிமிடம் நின்றேன்.

அதற்குப் பிறகு அடிபட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எங்கே வேலைக்கு வந்திருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், கோணல் யாருடையது என்று பாருங்கள்

கோபப்படுவதற்கு முன்னால் அரை நிமிடம் அந்த வண்டியைச் சுற்றிப் பாருங்கள். காலையில் ஒருவர் கோட்டைத் தாண்டி ஓர் அடி தள்ளி நிறுத்துவார். அடுத்து வருபவர் அவரை ஒட்டி நிறுத்த முடியாமல் இன்னும் ஓர் அடி தள்ளுவார். நாலாவது ஆள் வரும்போது அவர் சரியாக ரெண்டு கட்டத்தின் நடுவில் நிற்பார். பத்தரை மணிக்குள் முதல் மூன்று பேரும் கிளம்பிப் போய்விடுவார்கள். பதினொன்றுக்கு வரும் உங்களுக்குத் தெரிவது அந்த நாலாவது ஆள் மட்டும்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நாள் வேலை முடித்துத் திரும்பி வந்தால், என் கார் மட்டும் வெட்டவெளியில் ரெண்டு கட்டத்தை அடைத்துக்கொண்டு தன்னந்தனியாக நின்றது. நான் நிறுத்தும்போது இடதுபக்கம் இருந்த சரக்கு ஆட்டோவைக் காணோம். வைப்பருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு: "அண்ணா, வண்டி நல்லாருக்குது. நிறுத்துனதுதான் சரியில்லீங்க." எழுதியவர் யாரென்று தெரியாது. இன்றைக்கு வரை கோட்டைப் பார்க்காமல் நான் கதவைச் சாத்துவதில்லை.

"வண்டி பெருசுங்க, அதான்" என்று சொல்பவர்களிடம் மட்டும் இரக்கப்பட வேண்டாம். வணிகக் கட்டடங்களில் ஒரு காருக்கு வழக்கமாக விடும் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஃபார்ச்சூனரின் அகலம் 1.855 மீட்டர், நீளம் 4.795 மீட்டர். இன்னோவா கிரிஸ்டா இன்னும் கொஞ்சம் சின்னது. ரெண்டுமே கட்டத்துக்குள் அடங்கும். என்ன, பக்கத்துக்கு ஓர் அடிதான் மிஞ்சும், கதவை முழுதாகத் திறக்க முடியாது. அதற்கு வழி வயதானவர்களையும் குழந்தைகளையும் முன்னாலேயே இறக்கிவிட்டு நிறுத்துவது. பக்கத்துக் கட்டத்தைப் பிடிப்பது வழியாகாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பேட்டைகளில் போய்ப் பாருங்கள். இத்தனை பெரிய வண்டியை இரண்டு லாரிக்கு நடுவே கண்ணாடி உரசாமல் பின்னாலேயே ஏற்றி நிறுத்துகிறார்கள். கார்க்காரர்களுக்கு அவர்கள் ஒரு வாரம் வகுப்பு எடுக்கலாம்.

அப்புறம், ஆளைக் கண்டுபிடியுங்கள்

ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். வண்டிக்காரர் துணிக்கடையின் மூன்றாவது மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் ஹாரன் பக்கத்துக் கடைக்காரரைத்தான் எரிச்சல்படுத்தும், அவரோ உங்களுக்கு வேண்டியவர்.

இந்த ஊர்களில் தெருவுக்கு ரெண்டு பேக்கரி உண்டு. டீ குடிக்கும் இடமே அதுதான். முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அடுத்து வாட்ச்மேன், பூக்கடை அக்கா, இஸ்திரி வண்டிக்காரர். வண்டி நம்பரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நிறத்தையும் பின்கண்ணாடியில் எழுதியிருப்பதையும் சொல்லுங்கள். "வெள்ளைக் காருங்க, பின்னால 'அண்ணமார் துணை'ன்னு எழுதியிருக்குது" என்றால், "அட, நம்ம கிரைண்டர் கடைக்காரரு வண்டிங்க, மாடியில இருப்பாரு" என்று பதில் வரும்.

நம்பர் பலகையை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். டி.என். 37, 38, 66, 99 எல்லாம் கோவைதான். 33 ஈரோடு, 39-ம் 42-ம் திருப்பூர், 41 பொள்ளாச்சி. வெளியூர் நம்பர் என்பதால் ஆள் வெளியூர் என்றும் இல்லை, என் வண்டியே இன்னும் தஞ்சாவூர் டி.என். 49 தான். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதில் ஃபோன் நம்பர் கிடைக்காது, பெயரிலும் பாதி எழுத்து மறைந்திருக்கும். நேரம் வீண்.

கல்யாண மண்டபம் என்றால் கதை வேறு. முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலில் ஒரம்பரைகளின் வண்டி எப்படி நிற்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. (ஒரம்பரை என்றால் உறவுக்காரர்கள், விருந்தாளிகள். இங்கே முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல்.) அங்கே வாட்ச்மேனைத் தேடாதீர்கள், அவரே ஒளிந்திருப்பார். நேராக மொய் எழுதும் மேசைக்குப் போங்கள். வந்திருக்கும் எல்லாரையும் தெரிந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் நாதஸ்வரம் ஓயும் நேரம் பார்த்து மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். மைக்கில் சொன்ன வண்டி ஐந்து நிமிடத்தில் நகராமல் நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் என்றால் மட்டும் பாயசம் வரை பொறுக்க வேண்டும்.

மண்டபத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. முன்னால் உள்ள காரை அடைத்து நிறுத்துபவர்கள் ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போவார்கள், தள்ளிக்கொள்ளலாம் என்பதற்காக. சமதளத்தில் சரி. சரிவான இடத்தில் இந்த வேலையே வேண்டாம், தள்ளினால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கில் பூட்டிக்கொண்டு நிற்கும், எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

எப்படிப் பேசுவது

முழு வழிகாட்டியும் இந்தப் பகுதிக்காகத்தான். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.

கொங்குப் பேச்சில் 'ங்க' என்பது அலங்காரம் இல்லை. அது இல்லாத வாக்கியம் திட்டாகவே கேட்கும். "வண்டிய எடு" என்றால் வம்பு. "எடுங்க" என்றாலும் அதிகாரம். "எடுத்துக்கறீங்களாண்ணா?" என்றால் சாவி கைக்கு வந்துவிடும். உங்களைவிட வயதில் சின்னவர் என்றாலும், தெரியாத ஆண் என்றால் 'அண்ணா' என்றே தொடங்கலாம். யாரும் வயதைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பெண்கள் என்றால் 'அக்கா'. 'அம்மிணி', 'கண்ணு' எல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறதே என்று நீங்கள் எடுத்து வீசாதீர்கள். அவை பெரியவர்கள் சொன்னால்தான் அழகு. 'ப்ரோ' கல்லூரி வாசலில் மட்டும் எடுபடும்.

நான் சொல்வது இதுதான்:

"ஏனுங்ண்ணா, இந்தச் செவப்புக் காரு உங்களுதுங்களா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் அக்கட்டால ஏத்தி நிறுத்திக்கிட்டீங்கன்னா நானும் ஓரமா நிறுத்திக்குவேனுங்க."

"அட, கவனிக்கலீங்க. இதா வந்தர்றனுங்க."

'அக்கட்டால' என்றால் அந்தப் பக்கம், தள்ளி. 'இக்கட்டால' இந்தப் பக்கம். வண்டி நிறுத்துமிடத்தில் தினமும் புழங்கும் ரெண்டு சொற்கள், இன்றே கற்றுக்கொள்ளுங்கள். அப்படியே 'தடம்' என்பதையும். தடம் என்றால் வழி. "தடத்துல நிக்குதுங்க" என்றால் வழியை மறித்து நிற்கிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே தனி எடை. காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும் தடத்தை மறிப்பது தப்பு என்பது கிராமத்திலிருந்து வந்த எல்லாருக்கும் ஊறிய விஷயம். "ரெண்டு பார்க்கிங்கை எடுத்துக்கிட்டீங்க" என்று குற்றம் சாட்டினால் எதிர்வாதம் வரும், "தடத்துல நிக்குதுங்க" என்றால் ஆள் எழுந்து வந்துவிடுவார். ஆனால் தடத்தில் நிற்காத வண்டியைத் தடத்தில் நிற்கிறது என்று சொல்லாதீர்கள். வந்து பார்த்தால் உங்கள் மருவாதி போய்விடும்.

கவனியுங்கள், மேலே நான் சொன்னதில் அவர் செய்தது தப்பு என்ற சொல்லே இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. அவருக்கே தெரியும் தப்பென்று. அதை அவர் வாயால் வரவழைத்தே தீருவேன் என்று நின்றீர்களானால் இடமும் கிடைக்காது, பொழுதும் போகும். வண்டியை எடுத்ததும் "ரொம்ப நன்றிங்க" என்று கையைத் தூக்கிக் காட்டுங்கள். அடுத்த வாரம் அதே தெருவில் அவரையே பார்ப்பீர்கள்.

சிலர் "அஞ்சே நிமிசமுங்க" என்பார்கள். கொங்கு நாட்டில் மட்டும் அல்ல, உலகம் முழுக்க அது அரை மணி நேரம். அப்போது, "பரவால்லீங்க, சாவியக் குடுங்க, நானே தள்ளி நிறுத்தித் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். முன்பின் தெரியாதவரிடம் சாவி கொடுக்க யாருக்கும் மனம் வராது. அவரே எழுந்து வருவார். இது கொஞ்சம் குறும்புதான், ஆனால் பலிக்கிறது.

டூவீலர் என்றால்

கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சைடு ஸ்டாண்டில் குறுக்கே சாய்த்துவைத்த ஒரு ஸ்கூட்டர் மூன்று வண்டி இடத்தைத் தின்னும். சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தால் ஒரு மீட்டர் அகலம் போதும். ஹேண்டில் பூட்டியிருந்தால் பின்கம்பியைப் பிடித்துத் தூக்கி, பின்சக்கரத்தை மட்டும் நகர்த்தி நேராக்குவது ஊர் முழுக்க நடப்பதுதான். வாட்ச்மேனோ கடைக்காரரோ பார்க்கும்படி செய்யுங்கள். சைலன்சரில் கை படாமல் பாருங்கள். புத்தம்புது வண்டியையும் விலை உயர்ந்த பெரிய பைக்கையும் தொடாமல் விடுவது உசிதம், கீறல் யார் போட்டது என்ற பஞ்சாயத்து மாலை வரை இழுக்கும்.

செய்யவே கூடாதவை

காற்றைப் பிடுங்கிவிடுவது, சாவியால் கோடு போடுவது, வைப்பரை முறுக்குவது: இவையெல்லாம் பிறர் பொருளுக்குச் சேதம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ம் பிரிவில் வரும். இப்போது ஒவ்வொரு கடையிலும் கேமரா இருக்கிறது. ரெண்டு இடத்தில் நிறுத்தியவர் ஃபைன் கட்டுவாரோ இல்லையோ, நீங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் வண்டியை எடுக்க முடியாதபடி பின்னால் உங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பழிவாங்குவதும் அப்படியே. ஆள் போக வழியின்றித் தடுத்தால் அதே சட்டத்தின் 126-ம் பிரிவைக் காட்ட இடமுண்டு. போதாததற்கு அவரைப் போலவே நீங்களும் இன்னொரு இடத்தை அடைத்திருப்பீர்கள்.

நம்பர் தெரியும் படத்தைத் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டு வசைபாடுவதும் எனக்குப் பிடிக்காது. ஒருமுறை எங்கள் குழுவில் அப்படிப் போட்டார்கள். அந்த வண்டியில் வந்தவர் மூச்சுத்திணறலில் இருந்த அம்மாவைப் பக்கத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று பிறகு தெரிந்தது. படத்தை அழித்தார்கள், பார்த்தவர்கள் மனதில் இருந்ததை அழிக்க முடியவில்லை.

போலீஸுக்கு எப்போது சொல்வது

ஒரு கார் ரெண்டு இடத்தை எடுத்துக்கொண்டது என்பதற்காக மட்டும் கூப்பிட்டால் சனிக்கிழமை மாலை யாரும் வரமாட்டார்கள், வராததில் நியாயமும் உண்டு. ஆனால் வீட்டு கேட்டை, ஆஸ்பத்திரி வாசலை, ஆம்புலன்ஸ் வழியை மறித்து நின்றால், அல்லது போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் தயங்க வேண்டாம். 112 அல்லது 100. தெருப் பெயர், அடையாளமாக ஒரு கடை, வண்டி நம்பர், நிறம், எதை மறிக்கிறது என்ற ஐந்தையும் மூச்சுவிடாமல் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 122-ம் பிரிவு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுச்செல்வதைத் தடுக்கிறது. 127-ம் பிரிவு, நோ பார்க்கிங்கில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும் இழுத்துக்கொண்டு போகச் சொல்ல, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. இழுத்த செலவு வண்டிக்காரர் தலையில். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஏற்றிய கணக்குப்படி நோ பார்க்கிங் ஃபைன் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500.

ஃபோட்டோ எடுப்பதென்றால் ரெண்டு போதும். ஒன்று தூரத்திலிருந்து, வண்டியும் அது மறிக்கும் வாசலும் சேர்ந்து தெரிகிற மாதிரி. இன்னொன்று நம்பர் தெரிய. வண்டிக்காரரின் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டாதீர்கள், பேச்சில் முடிய வேண்டியது கையில் முடியும்.

கடை முன்னால் கயிறு கட்டி, கல் வைத்து, பூந்தொட்டி வைத்து ரோட்டையே பட்டா போட்டுக்கொள்பவர்கள் வேறு ரகம். பொது ரோட்டில் அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனாலும் தினமும் அந்தத் தெருவில் புழங்கப் போகிறவர் என்றால் கல்லை நீங்களாக நகர்த்தாதீர்கள். "ஒரு பத்து நிமிசம் நிறுத்திக்கட்டுங்களா?" என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் அவர்களே வந்து எடுத்துவிடுவார்கள். மாலில் என்றால் நேராக நிர்வாக மேசை. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வேறு யாராவது நிறுத்தியிருந்தால் மட்டும் 'பரவால்லீங்க' என்று விட்டுவிடாமல், ஒலிபெருக்கியில் சொல்லும் வரை அங்கேயே நில்லுங்கள்.

தினமும் பார்க்கும் ஆள் என்றால்

ரோட்டில் நின்றவரை மறந்துவிடலாம். அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் உங்கள் கட்டத்தில் கால்வாசியைச் சாப்பிட்டால் எப்படி மறப்பது? கோவையில் வீடு வாங்கியோ வாடகைக்கோ வருபவர்கள் வந்த முதல் மாதத்திலேயே இதைச் சந்திப்பார்கள்.

முதலில் உங்களுக்கு எந்த இடம் என்பதைக் காகிதத்தில் பாருங்கள். வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், "அங்கதானுங்க எங்கயாச்சும் நிறுத்திக்கங்க" என்பதை ஏற்காதீர்கள். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொது இடமாகவே வகைப்படுத்துகிறது. அதனால் மழைக்கு மறைவில்லாத முற்றத்தில் ஒருவர் "இது நான் காசு குடுத்து வாங்குனதுங்க" என்றால், அசோசியேஷன் கூட்டத்தில் பத்திரத்தைக் காட்டச் சொல்லலாம்.

எங்கள் குடியிருப்பில் ரெண்டு கார் வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒன்று அவர் கட்டத்தில் நிற்கும். இன்னொன்று அவர் கட்டத்திலும் என் கட்டத்திலும் பாதிப்பாதி. ஆறு மாதம் மனதுக்குள் திட்டினேன். செயலாளர் ஒரு வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாக் காரையும் வெளியே எடுக்கச் சொல்லி, அழிந்துபோன கோடுகளைப் புதிதாக வெள்ளை அடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டு நம்பரை எழுதிவிட்டார். யாரையும் பேர் சொல்லவில்லை. அன்று மாலையே பெரியவரின் ரெண்டாவது கார் தெருவுக்குப் போய்விட்டது. கோடு அழிந்த இடத்தில் பாதிப் பேருக்குத் தாங்கள் தாண்டியிருப்பதே தெரியாது, மீதிப் பேருக்குத் தெரியாத மாதிரி இருப்பது வசதி. ஒரு டப்பா பெயின்ட் ரெண்டு பேரையும் சரிசெய்துவிடுகிறது. கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அப்படியும் அசையாதவரிடம் தனியாகப் போகாமல், அவர் மதிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம், பொழுதோட (அதாவது மாலையில்), காபி நேரத்தில்.

போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடும் திங்கள் இரவிலும் செவ்வாயிலும், திருப்பூர் காதர்பேட்டையில் குட்டியானை வண்டிகள் பனியன் மூட்டை ஏற்றும் நேரத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரம் கோவை ஒப்பணக்காரத் தெருவில், கிருத்திகை அன்று மருதமலை அடிவாரத்தில் யாரும் கோட்டுக்குள் நிறுத்த மாட்டார்கள், கோடும் கண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸில் போங்கள். ஆர்.எஸ்.புரம் பக்கம் என்றால் டி.பி. ரோட்டில் மாநகராட்சியின் பலமாடி கார் பார்க்கிங் இருக்கிறது, பத்து நிமிட நடைக்கு அஞ்சாதவர்களுக்கு அது போதும்.

ஆளே கிடைக்கவில்லை, நேரமும் இல்லை என்றால் சீட்டு எழுதி வைப்பருக்கு அடியில் வையுங்கள். ஃபோன் நம்பர் வேண்டாம், திட்டு வேண்டாம், 'அண்ணா'வும் 'ங்க'வும் இருக்கட்டும். டேஷ்போர்டு டிராயரில் ஒரு பேனாவும் கொஞ்சம் வெள்ளைத் தாளும் எப்போதும் கிடக்கட்டும். கடை பில்லின் பின்பக்கம் எழுதாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். சித்திரை வெயிலில் கண்ணாடிமேல் கிடந்து நிறம் மாறினால், யாரோ குப்பையைச் செருகிவிட்டுப் போனதாக நினைத்து எறிந்துவிடுவார்.